வெற்றி ஓலையை அடுப்பில் இடுக

அலைகள் தோரணமாய்ச் சூழ்ந்த வெண்மணல் நாட்டை ஆள்வோனும், வலம்புரிச் சங்கைக் கொடியில் உயர்த்திய குலத்தில் உதித்தோனும், பகைவர் கண்ணுக்குச் சுறாவும் புலவர் கண்ணுக்குக் கற்பகமும் ஆகியோனும், திரைகளுக்குத் திறை விதித்தோனும் ஆகிய கோ ஆழியாதன் (நமது முப்பத்தொரு பட்டங்களில் நான்கோடு நிறுத்துமாறு ஓலைநாயகத்துக்குப் பணித்தோம், அவர் எழுத்தாணியைத் தூக்கிப் பிடித்தபடி நமக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார், காரணம் பின்னே விளங்கும்), வலம்புரிப் பட்டினத்தில் நமக்காக அரசு பேணும் தலைமை அமைச்சர் கண்ணந்தையார் கண்டு தெளியுமாறு விடுக்கும் ஓலை. உமது நாவில் வாய்மையும், களஞ்சியத்தில் நெல்லும், முழங்காலில் வலியின்மையும் நிலைபெறுக.

முதற்கண் விரைந்து செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். நான்கு நாள்களுக்கு முன் குதிரைவீரன் கையில் நாம் கொடுத்தனுப்பிய ஓலை இதற்குள் உம்மை எட்டியிருக்கும். புன்னைத்துறை நாட்டு அரசி காந்தள்நங்கையாரைப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் வென்றோம் என்றும், ஏழு தோரண வாயில்கள் எழுப்புக என்றும், பட்டத்து யானையைக் குளிப்பாட்டி நிறுத்துக என்றும், அவைப்புலவர் நூறு செய்யுள் இயற்றுக என்றும், வரும் அமாவாசையன்று நம் வலைஞர் இறால் உப்பங்கழி முழுவதிலும் வலை வீசுக என்றும் அதில் ஆணையிட்டிருந்தோம். அவ்வோலையை அடுப்பில் இடுக. தோரணங்களை இறக்குக. யானை குளித்தது குளித்ததாகவே இருக்கட்டும். புலவர் எத்தனையாவது செய்யுளில் இருந்தாலும் அவரை அங்கேயே நிறுத்துக. அவருக்கு அது வருத்தம் தரும், நாட்டுக்கு நன்மை தரும். இவ்வோலையைக் கடைசி வரி வரை படித்து முடிக்கும் முன் ஒரு வலையும் கழியில் விழலாகாது.

நடந்ததைக் கேளும். நீர் மூன்று முறை வேண்டா என்று சொல்லியும் நாம் கட்டுவித்த கடல்மாளிகை என்னும் உல்லாசக் கப்பலில் புன்னைத்துறைத் திருவிழாவுக்குப் புறப்பட்டோம் அல்லவா? நாற்பது மல்லிகைத் தொட்டிகளும், யாழ் மண்டபமும், தேக்கு ஊஞ்சலும், பதினெட்டு வகைக் கறி சமைக்கும் மடைப்பள்ளியும், பளிங்குக் குளியல் தொட்டியும் அதில் உண்டு. முதல் நாள் முற்பகல் முழுவதும் கடலுக்குச் சோறூட்டினோம். மருத்துவர் அதை நோய் என்றார். நாம் அதைக் கொடை என்றே கொள்கிறோம். குளியல் தொட்டியில் நீர் இடப்பக்கம் சாய்ந்தால் நாமும் இடப்பக்கம் ஓடினோம். அது வலப்பக்கம் போனால் பின்தொடர்ந்தோம். நனைந்த அளவுக்கு இளைத்தும் போனோம். ஊஞ்சல் தானே ஆடியமையால் ஊஞ்சல் ஆட்டும் பணியாளர் இருவர் வேலையின்றிக் கண்ணீர் விட்டனர்.

ஆயினும் அமைச்சரே, மூன்றாம் நாள் வயிறு அடங்கியது. அன்று பாய் புடைத்துக் கப்பல் ஓசையின்றி நழுவியபோது, மெத்தையில் சாய்ந்தபடி கரையோரத் தென்னைகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போவதைக் கண்டோம். நாடு பிடிக்கவும் அன்றி, வழக்குக் கேட்கவும் அன்றி, ஒரு வேலையும் இன்றிப் போய்க்கொண்டே இருப்பதில் இவ்வளவு இன்பம் உண்டு என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. உம்மையும் ஒருமுறை அழைத்துப் போக வேண்டும் என்று எண்ணினோம். பிறகு உமது முகம் நினைவுக்கு வர, அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம்.

அந்த இன்பம்தான் தலைக்கேறியது. புன்னைத்துறையில் நங்கூரமிட்டு, காந்தள்நங்கையாரைக் கப்பலுக்கு அழைத்து விருந்து படைத்தோம். அவர் பதினெட்டுக் கறிகளில் மீன் குழம்பை மட்டும் உண்டு, கடலைப் பற்றியே பேசினார். தம் நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் படகுப் பந்தயத்தில் தாமே சுக்கான் பிடிப்பதாகச் சொன்னார். ஐந்து நாள் கப்பலில் இருந்த நாம், கடலில் பிறந்து வளர்ந்தவர் போல் சிரித்தோம். இருநாட்டு எல்லையில் கிடக்கும் இறால் கழியில் நமக்கு உரிய பாதியை மூன்று ஆண்டுகளுக்குப் பணயமாக வைக்கிறோம், தம் பாதியை அவர் வைப்பாரா என்று கேட்டோம். அவர் சற்று யோசித்து இசைந்தார். நம் பாதியின் கரையில் நானூறு வலைஞர் குடும்பங்கள் அக்கழியை நம்பி உலை வைக்கின்றன என்பது அப்போது நம் நினைவில் வரவே இல்லை. பாயசம் வந்துகொண்டிருந்தது.

பணயம் வைப்போர் தாமே படகில் ஏற வேண்டும் என்பது அந்நாட்டுப் பந்தய விதி. இங்கேதான் நம் குல ஒழுக்கம் குறுக்கே வந்தது. அரசனுக்கு எவரும் முதுகு காட்டலாகாது. முப்பத்தொரு பட்டங்களையும் ஓதி முடிக்கும் முன் அரசனிடம் எவரும் எதுவும் உரைக்கலாகாது. படகின் பின்தலையில் நாம் அமர்ந்தால் பாய் வலிப்போர் எல்லாரும் நமக்கு முதுகு காட்டி நிற்பர். எனவே அரியணையை முன்தலையில், பின்னோக்கியவாறு அமைக்கச் செய்தோம். நீர்த்துளி தெறிக்காமல் இருபுறமும் பட்டுத் திரை, தலைக்கு மேல் வெண்கொற்றக்குடை, சாமரம் வீசுவோர் இருவர், பட்டம் ஓதும் செந்நாவன் ஒருவன். பின்தலையில் சுக்கானோடு நின்ற நம் மீகாமன் நன்னாகன், வழியைப் பார்க்க வேண்டிய இடத்தில் குடையைப் பார்த்தான், பிறகு வணங்கினான். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டோம்.

கடல் நடுவே உள்ள ஆமைப்பாறையை மும்முறை சுற்றிக் கரை திரும்ப வேண்டும். பறை முழங்கியது. நம் கண்ணுக்கு நேரே கரை விலகிச் சென்றதே ஒழிய, காந்தள்நங்கையாரின் படகு எங்கும் தென்படவில்லை. புறப்பட்ட இடத்திலேயே மூழ்கிவிட்டது போலும் என்று இரங்கி, சாமரத்தை நிறுத்தச் செய்து ஒரு கணம் மௌனம் காத்தோம். நெடுநேரம் கழித்து அவர் படகு நம் படகுக்குப் பின்னே தோன்றியது. உயிரோடுதான் இருக்கிறார் என்று மகிழ்ந்து கையசைத்தோம்; அவரும் அசைத்தார். நெருங்கி வந்த படகு நம் பட்டுத்திரைக்கு அப்பால் மறைந்தது. தோல்வி தாளாமல் ஒதுங்கிவிட்டார் என்று முடிவு செய்தோம். அதன்பின் நம் படகுக்குப் பின்னே ஒரு பாயும் இல்லை, பரந்த கடல் மட்டுமே இருந்தது. வெற்றி என்பது இவ்வளவு அமைதியானதா என்று வியந்துகொண்டே மூன்று சுற்றும் முடித்தோம்.

கரை சேர்ந்தபோது அரசியார் நீராடி, உடை மாற்றி, இலையில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தார். பாதியிலேயே கைவிட்டுக் கரையேறியவர் வேறென்ன செய்வார் என்று கருதி, அருகில் அமர்ந்து, தோல்வியால் மனம் தளர வேண்டா என்று ஆறுதல் உரைத்தோம். அவர் நம்மை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் சிறிது பாயசம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றோம். அந்தப் பாயசக் கையோடுதான் உமக்கு வெற்றி ஓலை எழுதுவித்தோம்.

குதிரை போய்ப் புழுதி அடங்கிய பின், பந்தயம் காணக் கழிக்கரையிலிருந்து வந்திருந்த நம் நாட்டு வலைஞர் கூட்டத்தில் ஒரு பெண் அழுவதைக் கண்டோம். நன்னாகனின் உடன்பிறந்தாள், சேந்தி என்று பெயர். களிப்பின் மிகுதியால் அழுகிறாள் என்று எண்ணி அருகே அழைத்தோம். செந்நாவன் பட்டங்களை ஓத வாய் திறந்தான். அவள் அவனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுமாறு பணிக்கிறோம். ஓலைநாயகம் முகம் சுளிப்பதைப் பொருட்படுத்த வேண்டா:

“ராசா, மூணு வருசம் எங்க புள்ளைய என்னத்தத் திங்கும்? அந்தம்மா படகு மொதல்லயே முன்னால போயிட்டு. ஒரு சுத்து கூடுதலாச் சுத்தி வந்து, ஒங்களத் தாண்டி, கரையேறிக் குளிச்சும் முடிச்சிட்டாவ. நீங்க வந்த வழியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்திய. முன்னால யாரு போறான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? பின்பக்கம் பாத்துக்கிட்டுப் பந்தயம் போற ஆள இப்பத்தான் நான் பாக்கேன்.”

நமக்குக் கோபம் வந்தது. அது யார் மேல் என்று தெரியாமையால் நன்னாகனை இழுத்து வரச் செய்தோம். உண்மையை ஏன் உரைக்கவில்லை என்று கேட்டதற்கு அவன், மும்முறை உரைக்க முயன்றதாகவும், ஒவ்வொரு முறையும் செந்நாவன் பட்டங்களைத் தொடங்கியதாகவும், முதல் முறை ஒன்பதாம் பட்டத்தில் காற்று திரும்பியதாகவும், இரண்டாம் முறை இருபதாம் பட்டத்தில் அரசியார் நம்மைக் கடந்ததாகவும், மூன்றாம் முறை முப்பத்தொன்றும் முடிந்தபோது கரையே வந்துவிட்டதாகவும் பணிவோடு விண்ணப்பித்தான். செந்நாவனைப் பார்த்தோம். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

அமைச்சரே, வெட்கமாக இருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்றே உமக்கு மறு ஓலை விடுத்திருக்க வேண்டும். எழுதச் சொல்ல நா எழவில்லை. நானூறு வீட்டு அடுப்பை நாம் பாயசத்தோடு பாயசமாகக் கரைத்துக் குடித்திருந்தோம். அவர்களோ நம்மைத் திட்டக்கூட இல்லை. வலைகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் பல்லக்கு இன்றி மணலில் நடந்து அரசியாரிடம் சென்றோம். அவர் தம் படகின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கழிக்கு ஈடாக வேறு எதையேனும் ஏற்றுக்கொள்ள இயலுமா என்று கேட்டோம். சொன்ன சொல் சொன்னதே என்றும், தம் வலைஞர் ஏற்கெனவே ஆடிப் பாடத் தொடங்கிவிட்டமையால் அதைத் தட்டிப் பறிக்கத் தம்மால் ஆகாது என்றும் கூறினார். பின்பு, பிறர் சோற்றுப்பானையைப் பணயம் வைப்பது எவர்க்கும் எளிது, நமக்கென்று அருமையான பொருள் ஒன்றை வைத்தால் இன்னொரு முறை ஓடிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நாம் கடல்மாளிகையை வைத்தோம். வென்றால் கழி மீளும். தோற்றால் கழியோடு கப்பலும் போகும்.

இம்முறை அரியணை இல்லை, குடை இல்லை, திரை இல்லை. செந்நாவனைக் கரையில் வாய்மூடி அமர்த்தினோம். படகு நன்னாகனின் சொல்லுக்கு உரியது என்று அறிவித்தோம். அவன் நம்மைத் தலை முதல் கால் வரை அளந்து பார்த்து, படகில் ஏற்றவிருந்த மணல் மூட்டைகளில் மூன்றை இறக்கச் சொன்னான். காற்று மிகும்போது படகு கவிழாதிருக்க இவர்கள் மணல் மூட்டைகளை ஏற்றுவர். பக்கவாட்டில் நீண்ட பலகை ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் ஆளை அமர்த்திப் பாரம் கொடுப்பர். காற்று இளைத்தால் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளிப் படகை இலேசாக்குவர். நாம் மூன்று மூட்டைக்குச் சமம் என்பது இரண்டு நாள் பயிற்சியில் உறுதியாயிற்று.

பந்தயம் இன்று முற்பகல் நடந்தது. கொண்டல் காற்று பாயை அறைந்தது. “ராசா, பலகைக்குப் போங்க! இன்னும் வெளிய சாயுங்க, பயப்படாதிய! ஆங், உள்ள வாங்க, வெரசா!” என்று நன்னாகன் கூவினான், ஒரு பட்டமும் அதில் இல்லை. நாம் போனோம், சாய்ந்தோம், வந்தோம். முதுகு அலையில் உரசியது, வாயெல்லாம் உப்பு, கால்கள் யாருடையவை என்று தெரியவில்லை. ஆனால் முகம் முன்னோக்கி இருந்தது, அமைச்சரே! கடல் நம்மை நோக்கி ஓடி வந்து இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. கடல்மாளிகையில் மெத்தையில் கண்ட இன்பம் உண்மைதான். ஆயினும் அது உண்ட பின் வரும் தூக்கம், இது பசித்தவன் முன் வந்த சோறு. நாம் வாய்விட்டுக் கத்தினோம். என்ன கத்தினோம் என்பதை ஓலையில் எழுதலாகாது என்று ஓலைநாயகம் கருதுகிறார்.

இரண்டு சுற்றுவரை இரு படகுகளும் ஒட்டியே ஓடின. மூன்றாம் சுற்று முடிந்து கரை நோக்கித் திரும்பியபோது காற்று இளைத்தது. நன்னாகன் கண்காட்ட, ஒரு மூட்டை கடலில் விழுந்தது. படகு ஒரு முழம் முந்தியது. அரசியாரின் படகிலும் ஒரு மூட்டை விழுந்தது, அவர்கள் முந்தினார்கள். இரண்டாம் மூட்டை, மூன்றாம் மூட்டை. கடைசியில் நம் படகில் மூட்டை தீர்ந்தது. அவர்களிடம் ஒன்று எஞ்சியிருந்தது. அதையும் தள்ளினார்கள். நம் படகில் ஒன்பது பேர் இருந்தனர். ஒருவன் பாயைப் பார்த்தான், ஒருவன் வானத்தைப் பார்த்தான், நன்னாகன் சுக்கானையே பார்த்தான். எவரும் நம்மைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

நாம் கடலில் இருந்தோம்.

எப்படி என்று கேட்க வேண்டா. தலை தூக்கியபோது நன்னாகன் சுக்கானைத் திருப்ப முற்படுவது தெரிந்தது. நிற்காதே, திரும்பாதே, இது அரச ஆணை என்று கூவினோம். பாதி ஆணை உப்புநீரில் போயிற்று, மீதி அவன் காதில் விழுந்தது. அவன் திரும்பிக்கொண்டான். ஒன்பது பேரும் திரும்பிக்கொண்டனர். நம் குலத்தில் எந்த அரசனும் கண்டிராத காட்சியை அரண்மனைக் குளத்தில் கற்ற நீச்சலோடு தத்தளித்தபடி நாம் கண்டோம்: நமக்கு முதுகு காட்டி, விரைந்து விலகிச் செல்லும் ஒன்பது முதுகுகள். அமைச்சரே, அவற்றை விட அழகான எதையும் நாம் இதுவரை கண்டதில்லை.

சேந்தி தன் கட்டுமரத்தை ஓட்டி வந்து, நம்மை மயிரைப் பற்றித் தூக்கி, கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே இட்டாள். இரு பாய்களும் கரையருகே ஒன்றன்மேல் ஒன்றாய்த் தெரிந்தமையால் எவர் முந்தினார் என்று நமக்குத் தெரியவில்லை. யார் வென்றது என்று அவளிடம் கேட்டோம். அவள் துடுப்பை மடியில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். இவள் அழுகையை ஒருமுறை தவறாக எண்ணியவர்கள் ஆதலால், இம்முறை வாய் திறவாது காத்திருந்தோம். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு துடுப்பு நீளம், ராசா, நம்ம படகுதான் என்றாள்.

பணயம் வைத்தவன் படகில் இல்லாமையால் வெற்றி செல்லாது என்று புன்னைத்துறைப் பெரியோர் சிலர் வழக்காடினர். காந்தள்நங்கையார் அவர்களை அடக்கி, படகில் ஏற வேண்டும் என்பதே விதி, இறங்கலாகாது என்று விதி எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்தார். பின்னர் நம் தலையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அடுத்த ஆண்டும் வருக என்றார். வருவோம் என்றோம்.

ஆகவே ஆணைகள் இவை. அமாவாசையன்று நம் வலைஞர் கழியில் வலை வீசுக, நமக்கு உரிய பாதியில் மட்டும். இனி எக்காலத்தும் அக்கழியை எந்த அரசனும் பணயமாக வைக்கலாகாது என்று கல்லில் வெட்டுவிக்க. முதுகு பற்றிய ஒழுக்கமும் பட்டம் ஓதும் ஒழுக்கமும் இன்றோடு ஒழிந்தன. செந்நாவனுக்குக் கலங்கரை விளக்கில் வேலை தருக, அவன் குரல் மூடுபனியில் பயன்படும். நன்னாகனுக்குப் பொன் கொடுக்க முயன்றோம். புதுப் பாய் ஒன்று போதும் என்றான். நல்ல துணியாகப் பார்த்து நெய்விக்க. கடல்மாளிகையின் குளியல் தொட்டியைக் கழற்றிக் கழிக்கரைச் சிற்றூரில் நன்னீர்த் தொட்டியாக வைக்க.

அரச வரலாற்று ஏட்டில் இந்நாளை எழுதும்போது, கோ ஆழியாதன் பலகையில் கால் வழுக்கிக் கடலில் விழுந்தான் என்றே எழுதுக. படகிலிருந்த ஒன்பது பேரும் அப்படியே சொல்வதாக நமக்கு வாக்களித்திருக்கிறார்கள். சேந்தி மட்டும் மறுக்கிறாள். கட்டுமரத்திலிருந்து எல்லாம் தெரிந்தது என்கிறாள். அவளை ஒன்றும் செய்ய வேண்டா.

இதில் கண்டபடியே நடக்க. முத்திரை மோதிரம் ஆமைப்பாறைக்கு வடக்கே ஆறு ஆள் ஆழத்தில் கிடப்பதால், அரக்கின்மேல் நம் வலப் பெருவிரலை அழுத்தினோம். கொப்புளம் வெடித்த விரல் ஆதலால் தடம் நன்றாக விழவில்லை. ஐயுறாது ஏற்றுக்கொள்க, நாமேதான்.